பேனரில் வெட்டிய சிலேட்டுகள்

தம்பி,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் பார்த்ததாகக்கூடக் காட்டுவதில்லை. வண்டலூரில் உன் சிநேகிதன் ரூமில் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பது மட்டும் தெரியும், அதுவும் உன் அம்மா சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து சொன்னதால். அதனால்தான் கடையில் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன். அடித்து, பிரின்ட் எடுத்து, நாளைக்குச் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பப்போகிறேன். ஊருக்கெல்லாம் பேனர் அடித்துக் கொடுக்கிறவன் பெற்ற பிள்ளைக்கு நாலு தாள் அடித்துக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உட்கார்ந்து அடிக்கிறேன் என்று சொன்னேனே தவிர, உட்காரவே முடியவில்லை. ஒரு வரி அடிக்கிறேன், எழுந்து வாசலுக்குப் போய் முடிச்சூர் ரோட்டைப் பார்க்கிறேன், திரும்பி வந்து அந்த வரியை அழிக்கிறேன். மெஷின் பாட்டுக்கு யாருடைய காதுகுத்தையோ அச்சடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் எதிலும் இருப்புக்கொள்ளவில்லை.

எதற்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் இரண்டாம் வகுப்பில் படிக்கிற தர்ஷினியை, வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, திருடி என்று சொன்னாய். அவள் திருடவில்லை என்பது அன்று மத்தியானமே உனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து நீ பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஹெச்.எம். மேடத்துக்கு வேலையை விடுகிறேன் என்று ஒரு வரி மெசேஜ் போட்டாய். கோயம்புத்தூரில் ஏதோ செல்போன் கம்பெனியில் சேல்ஸ் வேலை என்று, ஞாயிற்றுக்கிழமை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற டிக்கெட்டும் போட்டுவிட்டாய். நான் நேற்று அனகாபுத்தூருக்குப் போய் அந்தக் குழந்தையின் வீட்டில் பேசிவிட்டு வந்தேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் வேறு சிலதும் சொல்லவேண்டியிருக்கிறது. எனக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது என்று உன் அம்மா சொல்வாள், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் நமக்குள் வந்த சண்டை ஞாபகம் இருக்கும். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்து வருவாய் என்று பார்த்தால், தாம்பரம் மார்க்கெட்டில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் தெர்மாகோலும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய். வீட்டுக்கு ஒன்றும் இல்லை. பெட்ரோலுக்கு அம்மாவிடம் கை நீட்டினாய். சம்பளம் வாங்கப் போகிறாயா, கொடுக்கப் போகிறாயா என்று நான் கத்தினேன். அதற்கு நீ, "அங்க ஒண்ணுமே இல்லப்பா. ஒரு போர்டு, ஒரு டஸ்டர். அத வச்சுக்கிட்டு அந்தப் பசங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்றாய். பதில் இல்லாதவன் என்ன செய்வான், இன்னும் சத்தமாகக் கத்தினேன். ராத்திரி பகலாக நீ தெர்மாகோலில் வெட்டிய ஆப்பிளும் ஆரஞ்சும் முதல் மழையிலேயே பள்ளிக்கூடக் கூரை ஒழுகி நனைந்து, சாயம் வழிந்து, எது ஆப்பிள் எது ஆரஞ்சு என்று தெரியாமல் போய்விட்டது. நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. அன்றைக்குத்தான் உன்மேல் எனக்கு முதல்முதலாக ஒரு மரியாதை வந்தது. சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அப்புறம் நீயாகவே கற்றுக்கொண்டாய். தனியாகக் கடைக்குப் போகாமல் மூன்று டீச்சர்களைச் சேர்த்துக்கொண்டு பாரிமுனைக்குப் போய் மொத்த விலையில் வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டீர்கள். ஜூன் மாதம் கடைக்காரன் ராஜா, நாம் கூஜா. பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் வடிந்த பிறகு போனால் அதே பொருளை அவனே கூப்பிட்டுக் குறைத்துக் கொடுக்கிறான் என்று கண்டுபிடித்தாய். லேமினேஷனுக்குக் கொட்டிக் கொடுத்ததை நிறுத்திவிட்டு அகல செல்லோடேப் ஒட்டினாய். மார்க்கர் தீர்ந்தால் தூக்கிப் போடாமல் இங்க் ஊற்றினாய். தெருவில் ஒரு வீடு விடாமல் பழைய கல்யாணப் பத்திரிகை கேட்டு வாங்கி, அந்தக் கெட்டி அட்டையை வெட்டி எழுத்து அட்டை செய்தாய். உன் வகுப்பில் 'அ'வைத் திருப்பினால் தங்கக் கலரில் பிள்ளையார் இருப்பார், 'ஆ'வைத் திருப்பினால் மணமகளின் பட்டப்படிப்பு இருக்கும். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளையெல்லாம் சேர்த்தாய், கணக்குக்கு அதைவிடப் பெரிய எண் அட்டை எந்தக் கடையில் கிடைக்கும். ஜூஸ் கடையிலிருந்து சோடா மூடியை மூட்டையாகக் கொண்டுவந்தாய், அதை வெந்நீரில் போட்டு அலசிய அன்று வீடு முழுக்க திராட்சை சோடா வாசனை. உன் அம்மா எரிச்சல்பட்டுக்கொண்டேதான் அலசினாள், ஆனால் ஒரு மூடியைக்கூட விடவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மற்ற பள்ளிக்கூடங்களில் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள், நாளைக்குச் சார்ட் கொண்டுவா, கிளிட்டர் கொண்டுவா என்று. உனக்கும் அப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிகிற வேலைதான். நீ கேட்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, கொண்டுவந்த குழந்தை முன்னால் உட்காரும், கொண்டுவராத குழந்தை காய்ச்சல் என்று லீவு போடும், எனக்கு அந்தக் காய்ச்சல் வேண்டாம் என்றாய். வாங்கவும் கூடாது, கேட்கவும் கூடாது, ஆனால் வகுப்பில் எல்லாருக்கும் எல்லாம் இருக்கவேண்டும். அப்படிப்பட்டவனுக்கு எங்கே போனால் கிடைக்கும்? அப்பன் கடைதான் இருக்கவே இருக்கிறதே.

எங்கள் தொழிலில் தப்பு என்றால் அது அழிக்க முடியாத தப்பு. கஸ்டமருக்கு டிசைனை அனுப்பினால் படிக்காமலேயே கட்டை விரலைத் தூக்கி அனுப்புவான். அடித்து முடித்த பிறகு வந்து, ஐயோ எங்க மாமா பேர்ல ஒரு கால் விட்டுப்போச்சே என்பான். அப்படித் தப்பிய பேனர் எல்லாம் கடை மூலையில் சுருட்டிக் கிடக்கும். வண்டிக்கு மூட ஒருவர், ஷெட்டுக்குக் கட்ட ஒருவர் என்று கேட்டு வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அந்த மூலையில் உட்கார்ந்து, முதுகு கறுப்பாக இருக்கிற ஃப்ளெக்ஸை மடியில் போட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து அதன் முதுகில் 'அம்மா' என்று எழுதினாய். ஈரத் துணியால் துடைத்தாய், போய்விட்டது. மறுபடியும் எழுதினாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சிலேட்டு அளவில் வெட்டி, குழந்தைகளுக்குக் குத்தாதபடி மூலைகளை வளைத்து, என் ஐலெட் மெஷினில் ஓரமாக ஓர் ஓட்டை போட்டு, நூலில் துடைக்கிற துணித்துண்டு கட்டினாய். கீழே விழுந்தால் உடையாது. பையில் வைத்தால் கனக்காது. வகுப்பு முழுவதற்கும் சிலேட்டு ஆயிற்று, செலவு சாக்பீஸ் மட்டும்தான்.

அது பசங்களுக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நீ வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். முன்பக்கம் எழுதுகிற பக்கம், பின்பக்கம் படம். ஒருத்தனுக்கு யாரோ ஒரு தலைவரின் மீசை, ஒருத்திக்குக் கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டி, இன்னொருத்தனுக்கு பிரியாணிக் கடைத் திறப்பு விழாவின் கோழிக்கால். மீசையைக் கொடுத்துக் கோழிக்காலை வாங்குவது, கோழிக்காலோடு ஒரு பென்சிலும் சேர்த்துக் கேட்பது என்று இன்டர்வெலில் பெரிய வியாபாரமே நடந்ததாம். மற்ற வகுப்பு டீச்சர்களும் கேட்டார்கள். நானும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பையன் ஐடியா என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையில்தான் இரண்டு பேரும் கண்ணைத் தொலைத்தோம்.

கண்ணீர் அஞ்சலி பேனர் தப்பினால் நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம். யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்படி ஒரு மனிதரின் அஞ்சலி பேனரில் படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு என்று போடுகிற இடத்தில் தேதி இரண்டும் இடம் மாறிவிட்டது. மனிதர் பிறப்பதற்கு முன்னாலேயே இறந்துவிட்டார். எடுக்க வந்த மச்சான்காரர் அதைப் பார்த்துவிட்டு, என்னை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். உடனே சரிசெய்து வேறு அடித்துக் கொடுத்தேன். தப்பியது மூலைக்குப் போயிற்று. ஆடி மாதம், கோயில் கோயிலாகக் கூழ் ஊற்றுகிற பேனர், கடையில் நிற்க இடமில்லை. நீ வந்து, இன்னும் சிலேட்டு வெட்டவேண்டும், கறுப்பு முதுகு எது இருந்தாலும் கொடுங்கள் என்றாய். சுருட்டி இருந்ததையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது நான். தரையில் கறுப்பு மேலே தெரியும்படி விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டியது நீ. அதில் அந்த மனிதருடையது ஆளுயரத்துக்கு மேல் பெரிய படம், அதனால் ஒரு துண்டில் பாதிக் கண், ஒரு துண்டில் காது, ஒரு துண்டில் சட்டைக் காலர். நாள் முழுக்க முகங்களையே அடித்து அடித்து எனக்கு முகம் பழகிப்போய்விட்டது. உனக்கும் அவசரம். இரண்டு பேருக்கும் அது பொருளாகத்தான் தெரிந்தது.

அதன் சொந்தக்காரி உன் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நமக்கு எப்படித் தெரியும். அவளுக்குக் கிடைத்த சிலேட்டில் என்னவோ வாழை மரம் இருந்ததாம். பக்கத்துப் பையனின் சிலேட்டைத் திருப்பியபோது அந்தக் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்திருக்கிறாள். அப்பா தீபாவளிக்கு எடுத்த சட்டை. அன்றிலிருந்து அவளும் வியாபாரத்தில் இறங்கிவிட்டாள். ரப்பரைக் கொடுத்து ஒரு துண்டு, ஷார்ப்னரைக் கொடுத்து ஒரு துண்டு, பிறந்தநாளுக்குப் போட்ட வளையலைக் கழற்றிக் கொடுத்து ஒரு துண்டு. கொடுத்த பசங்களுக்கு அது வெறும் காது, வெறும் மூக்கு. வாங்கியதையெல்லாம் பைக்குள் அடி அட்டைக்குக் கீழே வைத்திருக்கிறாள். வீட்டில் எடுத்துக் காட்டவில்லை, அம்மா பார்த்தால் அழும் என்று.

சிலேட்டு குறைகிறது என்று உனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குத் தெரியும், தம்பி. கடையில் போய் எடுத்துக் கொடு என்று வாங்குகிறவனுக்கு ஒரு பொருள் தொலைந்தால் போகிறது என்றிருக்கும். ஒவ்வொன்றாகச் சேர்த்தவனுக்கு அப்படி இல்லை, அவன் வீட்டுக்குள்ளேயே திருடன் புகுந்த மாதிரி பதறுவான். நீ கேட்டபோது ரப்பருக்கு விற்றவனெல்லாம் பயந்துபோய், சார் என் சிலேட்டைக் காணோம் என்று கையைத் தூக்கிவிட்டான். நீ பைகளைத் திறந்து பார்த்தாய். அவள் பையைக் கவிழ்த்தபோது துண்டு துண்டாக விழுந்தது. எல்லாம் கறுப்புப் பக்கம் மேலே தெரியும்படி விழுந்ததாம். நீ ஒரு துண்டையும் திருப்பவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னாய், அவளை நிற்கவைத்தாய், அம்மாவை வரச்சொல்லி போன் செய்தாய்.

மீதியை ஹெச்.எம். மேடம்தான் எனக்குச் சொன்னார். அந்த அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, கழுத்தில் கம்பெனி கார்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறார். நீ சொல்லச் சொல்ல நின்றுகொண்டே கேட்டார். மேஜைமேல் இருந்த ஒரு துண்டை எடுத்தார், திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். அப்புறம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஹெச்.எம். மேஜைமேலேயே அடுக்கினார். முகம் வந்தது, நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் இல்லை. அந்த அம்மா துண்டுகளை முந்தானையில் வாரிக் கட்டிக்கொண்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு வாய் வரவில்லை என்று மேடம் சொன்னார், நான் நம்புகிறேன்.

இந்த இடத்தில் எழுந்து போகவேண்டியதாயிற்று. ஒரு பாட்டனார் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு பேனர் கேட்டு வந்தார். பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டி, தேதியை அவர் வாயால் சொல்லவைத்து, அப்புறம்தான் விட்டேன். அவருக்கு என்னைப் பார்த்துச் சந்தேகமே வந்துவிட்டது. போகட்டும்.

நீ அம்மாவிடம், இனிமேல் ஓசிப் பொருளே வேண்டாம், சொந்தக் காசில் வாங்கியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் போயிற்று. நீ கடையில் சிலேட்டு வாங்கிக் கொடுத்து அது காணாமல் போயிருந்தாலும் அந்தப் பையைக் கவிழ்த்திருப்பாய், அந்த வார்த்தையும் வந்திருக்கும். சிக்கனத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகாதே. கோயம்புத்தூருக்குப் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, உன்னை மாதிரி புதிதாக ஒருவன் ஏதாவது ஒரு வகுப்பில் வந்து உட்காருவான், அவனுக்கும் அதே போர்டும் டஸ்டரும்தான் இருக்கும். அவனிடம் பாரிமுனையைச் சொல், காலண்டர் தாளைச் சொல், சோடா மூடியை இரண்டு தடவை அலசச் சொல். சும்மா கிடைத்தது எதுவாக இருந்தாலும் அதை முதலில் வைத்திருந்தவர் ஒருவர் இருப்பார், அதனால் வகுப்புக்குள் கொண்டுபோகும் முன் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல். கல்யாணப் பத்திரிகையானாலும் பார்க்கவேண்டும், அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்றோ. பெயரும் முகமும் இருப்பதை வெட்டி எடுத்துவிடச் சொல், கத்தரி போதும். தொலைந்துபோனால் போகட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே வெட்டி வைக்கச் சொல். சேர்த்தவன் கைக்கு அந்தத் தாராளம் வராது, பழகித்தான் வரவேண்டும். எனக்கும் இன்னும் வரவில்லை.

சரி, நேற்றைக்கு வருகிறேன். அந்த மனிதரின் டிசைன் ஃபைல் கம்ப்யூட்டரில் இருந்தது. நல்ல தாளில் அளவாக ஒரு பிரின்ட் போட்டு, தேதிகளை எத்தனை தடவை சரிபார்த்தேன் என்று கேட்காதே, கண்ணாடி ஃபிரேம் போட்டு எடுத்துக்கொண்டு பம்மல் வழியாக அனகாபுத்தூர் போனேன். ஆற்றுப் பக்கமாக வண்டி நுழையாத சந்து, மாடியில் ஒரு ரூம், மேலே சிமென்ட் ஷீட். கதவைத் திறந்த அந்த அம்மாவிடம் நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது, ஆனாலும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். தர்ஷினி சுவர் ஓரமாக உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். வேலை நாள், மற்ற பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். நான் ஃபிரேமை நீட்டினேன். அந்த அம்மா கையில் வாங்கவில்லை.

"படம் இன்னாத்துக்கு சார். வூட்ல கீது பாருங்க," என்று சுவரைக் காட்டினார். பூ போட்டு, சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. "வெட்டிட்டாங்கன்னு நான் கோவப்படல. தெரிஞ்சா செஞ்சாங்க. எங்க வூட்டு மேல ஏறிப் பாருங்க, மழை ஒழுவுதுன்னு எவனோ ஒருத்தன் மூஞ்சி போட்ட பேனரத்தான் நாங்களும் கட்டிகினு கீறோம்."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அந்த நிம்மதியில் வாயைத் திறந்துவிட்டேன். நீ எவ்வளவு நொந்துபோயிருக்கிறாய், சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலையையே விட்டுவிட்டாய், ஊரைவிட்டே போகிறாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். உன்னை அவர் மன்னிக்கவேண்டும் என்று என் ஆசை. அவர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அவரு சாப்டலன்னா இதுக்கு இன்னா ஆவுது சார்?" என்று குழந்தையைக் காட்டிக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல் ஆகிறது, ஒரு வீட்டுக்கு வருத்தம் சொல்லப் போய் என் பிள்ளையின் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் அவரே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே அடிக்கிறேன். "க்ளாஸ்ல இப்போ இது பேரு இன்னா தெரியுமா உங்களுக்கு? திருடி. மறுநாளு அனுப்சேன், பென்சில் காணோம்னா இத்தப் பாக்குதுங்களாம், ரப்பர் காணோம்னா இத்தப் பாக்குதுங்களாம். இப்போ போவவே மாட்டேன்னு உக்காந்துகினு கீது. புதுசா வந்த மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாது. நான் போய் சொன்னா, பெத்தவ அப்டித்தான் சொல்லுவான்னு வுட்டுடுவாங்க. நீங்க சொன்னாலும் ஆவாது. சொன்ன வாயி வந்து சொல்லணும் சார். அதே க்ளாஸ்ல, அதே பசங்க முன்னாடி. அப்பால அவரு எந்த ஊருக்கு வேணா போவட்டும்."

நீ பள்ளிக்கூடம் போகாமல் ரூமில் கிடப்பதும், அவள் பள்ளிக்கூடம் போகாமல் சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பதும் ஒன்று என்று நீ நினைத்துக்கொள்ளாதே. நீ போகாமல் இருப்பது உன் இஷ்டம். உனக்கு கோயம்புத்தூர் இருக்கிறது. அவளுக்கு அந்தத் தெருவில் அந்த ஒரு பள்ளிக்கூடம்தான், அந்த வகுப்பு மூன்றாம் வகுப்பாகி, நாலாம் வகுப்பாகி, அவளோடு கூடவே வரும், அந்தப் பெயரையும் தூக்கிக்கொண்டு வரும். நீ செய்ததை நினைத்து நீ வருத்தப்படுகிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன் வருத்தம் வண்டலூரில் இருந்து என்ன பிரயோஜனம். எனக்கு உன்மேல் கோபம்தான், தம்பி. பையைக் கவிழ்த்ததற்குக்கூட அவ்வளவு இல்லை, அன்றைக்கு வாய் வரவில்லை என்றால் மறுநாள் வந்திருக்கவேண்டும், அதற்குத்தான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். தர்ஷினி வாசல்வரை வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத குழந்தை. "எங்க சார் எங்க?" என்றாள். திருடி என்று சொன்னவனை இன்னும் எங்க சார் என்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். "வருவாரா?" என்றாள்.

வருவார், திங்கட்கிழமை வருவார் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ போனை எடுத்திருந்தால் கேட்டிருப்பேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மாதான் என்னை விடவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டார், முதல் பீரியட் என்றேன். அங்கேயே நின்று சூப்பர்வைசருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை காலையில் பர்மிஷன் வேண்டும் என்றார். அந்தப் பக்கம் சத்தம் போட்டது எனக்கே கேட்டது, அரை நாள் சம்பளம் பிடிப்பார்களாம். "புடிச்சிக்கோங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோயம்புத்தூருக்கு பஸ் திங்கட்கிழமை ராத்திரியும் இருக்கிறது, டிக்கெட் மாற்றுகிற செலவை நான் கொடுக்கிறேன். வாத்தியாராக இரு, சேல்ஸுக்குப் போ, அதில் நான் தலையிடமாட்டேன். திங்கட்கிழமை காலை அந்த அம்மாவும் குழந்தையும் இரண்டாம் வகுப்பு வாசலில் நிற்பார்கள். நானும் அவர்களோடு போய் நிற்பேன். நீ வராவிட்டால், அந்தப் பசங்களிடம் நான்தான் ஏதாவது சொல்லவேண்டியிருக்கும். நான் என்ன சொன்னாலும் அது ஒரு பேனர் கடைக்காரன் சொன்னதாகத்தான் இருக்கும்.